போடியாரின் முதல் அபிப்பிராயம்

கல்முனைப் பிரதான வீதியில் ஓசை டெலிகொம் நிறுவனத்தின் அனுபவ நிலையம் திறந்த அன்று, காலையில் உள்ளே இருந்தவர்கள் இவர்கள்தான்: நிறுவனத்தின் கிழக்குப் பிராந்திய முகாமையாளர் கோகுலன், தொழில்நுட்ப அலுவலர் வினோஜ், வரவேற்பு மேசையில் சாய்ந்தமருதுப் பெண் ஆகிலா, வர்த்தகர் சங்கத் தலைவர் அபுல் ஹஸன் ஹாஜியார், கதவைத் திறந்து மூடும் காவலாளி அழகரெத்தினம், கொழும்பிலிருந்து வந்து கடைசிவரை வாய் திறக்காத ஒரு படப்பிடிப்பாளர், மருதமுனையில் பெரிய வயல்காணிகளுக்குச் சொந்தக்காரரான மீராசாப் போடியார். வேறு ஒருவரும் இல்லை. பிரதம அதிதி வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், 'நானும் அங்கே நின்றேன், என் கண்ணால் கண்டேன்' என்று பிற்பாடு சொன்னவர்கள் எல்லாரும் உண்மையிலேயே உள்ளே நின்றிருந்தால், அந்தக் கட்டிடத்தின் கண்ணாடிச் சுவர்கள் அன்றே வெடித்திருக்கும்.

போடியாருக்கு அழைப்பு இல்லை. அவர் ஒரு பட்டரிக்காக வந்தார்.

அவரிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய கைத்தொலைபேசி. அதன் பட்டரி ஊதிப் பெருத்து, பின்மூடியை வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. அவருடைய மனைவி ஹாஜறா உம்மா அதற்கு ஒரு றப்பர் வளையம் போட்டு, மூடை வாய் கட்டுவதுபோல இறுக்கி வைத்திருந்தார். சந்தைக்குள் போன் திருத்துகிறவர்கள் எல்லாரும் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, பெரியவர்களுக்கு முன்னால் சிரிக்கக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்தப் போன் மூத்த மகன் றிபாஸுடையது. சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், கரைவலை மீன் எடுக்கக் கடற்கரைக்குப் புறப்பட்டவன், போனில் சார்ஜ் இல்லை என்று அதை வீட்டில் விட்டுப் போனான். "உம்மா, இதச் சார்ஜில போட்டு வைங்க" என்பதுதான் அவன் கடைசியாகச் சொன்னது. ஹாஜறா உம்மா போட்டார். அன்றிலிருந்து போட்டுக்கொண்டே இருக்கிறார். ஊரில் கரண்ட் இல்லாத காலத்தில் உழவு மெசினின் பட்டரியில் வயர் கொளுவிப் போட்டார்.

அவன் உடல், மையித்து, கிடைக்கவில்லை. மரணச் சான்றிதழுக்கு விபரம் எடுக்கக் கிராம சேவகர் வீட்டுக்கு வந்தபோது, போடியார் அவரைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, "எங்கட குடும்பத்துல மையித்தக் காணாம ஆரையும் மௌத்தாக்குறல்ல தம்பி" என்று சொல்லி அனுப்பிவைத்தார். நிவாரணமாக வந்த எதற்கும் அந்த வீட்டுக் கதவு திறக்கவில்லை.

"அவன் எங்க இரிந்தாலும் அவனுக்கு மனப்பாடமான நம்பர் அவன்ட நம்பர்தானே. எடுத்தா இதுக்குத்தான் எடுப்பான்" என்பது ஹாஜறா உம்மாவின் கட்சி. இதை நம்புவதாகப் போடியார் எங்கும் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் பாவிக்காத இலக்கத்தைக் கம்பனி வெட்டிவிடும் என்று யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து, மாதம் ஒரு தரம் அந்தப் போனிலிருந்து நெல்லு மில்லுக்குக் கோல் எடுப்பார்.

"கேக்குதா?"

"கேக்குது போடியார்."

"சரி, வை."

இப்படி ஏழாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. யுத்தமும் முடிந்து இரண்டு வருடமாகிவிட்டது. அப்போதுதான் பட்டரி ஊதியது.

அழகரெத்தினம் கதவைத் திறந்துவிட, வெள்ளைச் சேட்டும் தொப்பியும் கக்கத்தில் குடையுமாகப் போடியார் உள்ளே வந்து ஆகிலாவிடம் கேட்டார்:

"புள்ள, இந்தக் கடையில பட்டரி இரிக்கா?"

ஆகிலாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "மாமா, மெதுவாக் கதைங்க. கடையெண்டு சொல்லப்படாது. இது அனுபவ நிலையம்."

"அனுபவம் என்னட்டத் தாராளமா இரிக்கி. பட்டரிதான் இல்ல."

சிவப்புக் கதிரையில் இருந்த அபுல் ஹஸன் ஹாஜியார் உரக்கச் சிரித்தார். அவரும் போடியாரும் ஒரே பள்ளியில் ஓதியவர்கள். நாற்பது வருடமாக ஒரே சபைகளில் முன்வரிசைக்குப் போட்டி போட்டவர்கள். இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்காது. ஒருவர் வராத சபைக்கு மற்றவர் போவதுமில்லை.

கோகுலன் அந்நேரம் காதில் போனை வைத்துக்கொண்டு, பிரதம அதிதி வேறொரு ஊரில் மலசலகூடம் ஒன்றைத் திறந்துவைக்கப் போய்விட்டார் என்ற செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தார். மதியத்துக்கு முன் படம் கொழும்புக்குப் போயாக வேண்டும். போனை வைத்துவிட்டுத் திரும்பியவர் போடியாரைக் கண்டார். தாடியைக் கண்டார், குடையைக் கண்டார். நிறுவனத்தின் சுற்றறிக்கை 'யுத்தத்தையும் அலையையும் கண்ட ஒரு பிரதேச முகம்' என்று குறிப்பிட்டிருந்த சாமான் தன் காலால் நடந்து உள்ளே வந்து நிற்பதைக் கண்டார்.

"ஐயா, வாருங்கள். இங்கே அமருங்கள்" என்று பிரதம அதிதியின் கதிரையைக் காட்டினார்.

அது அபுல் ஹஸன் ஹாஜியாரின் கதிரைக்கு வலப்பக்கம் இருந்தது. ஒரு விரல் அளவு உயரமாகவும் இருந்தது. போடியார் பட்டரியை மறந்து உட்கார்ந்தார்.

கோகுலன் படப்பிடிப்பாளரின் படப்பெட்டியைப் பார்த்து உரையாற்றத் தொடங்கினார்.

"யுத்தம் ஓய்ந்ததும் இந்தக் கரையோரத்துக்கு முதலில் ஓடி வந்தது எங்கள் ஆய்வுக் குழு. மக்களே, உங்களுக்கு என்ன தேவை என்று வீடு வீடாகக் கேட்டோம். சிலர் வீடு என்றார்கள். சிலர் காணி என்றார்கள். சிலர் குடிதண்ணீர் என்றார்கள். ஒரு தாய் தன் பிள்ளையைக் கேட்டார். அந்தப் பதில்களை எல்லாம் கொழும்புக்குக் கொண்டு போய், குளிரூட்டிய அறையில் வைத்து ஆராய்ந்தோம். அவற்றுக்கு அடியில் மறைந்துகிடந்த உண்மையான தேவையைக் கண்டுபிடித்தோம். அதுதான் தொடுதிரை."

அபுல் ஹஸன் ஹாஜியார் கை தட்டினார். சபையில் ஒருவர் தட்டும்போது சும்மா இருப்பது மரியாதை இல்லை என்பதால் போடியாரும் தட்டினார்.

பிறகு வினோஜ் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, பட்டுத் தலையணை ஒன்றில் புதிய ஸ்மார்ட் போனைக் கொண்டுவந்தான். சுன்னத்துக் கலியாணத்துக்குத் தொப்பி கொண்டுவருவதுபோல நடந்து வந்தான். கறுப்பாக, பளபளவென்று, ஒரு பொத்தானும் இல்லாமல் இருந்தது அது. போடியார் குனிந்து பார்த்தார். அதற்குள் அவருடைய தாடிதான் தெரிந்தது.

"முதல் தொடுகை!" என்று கோகுலன் அறிவித்தார்.

போடியார் சுட்டுவிரலால் தொட்டார். போன் அசையவில்லை. இன்னொரு தரம் தொட்டார். பெருவிரலை வைத்து, நெல் கசக்குவதுபோல அழுத்தினார்.

"அழுத்தக் கூடாது ஐயா. வருட வேண்டும்."

"அது உங்கட வயல்காரனில்ல போடியார், அதட்டினா எழும்பாது" என்றார் அபுல் ஹஸன் ஹாஜியார்.

ஈரத் துணி கொண்டுவந்து விரலைத் துடைத்தார்கள். ஆகிலா தன் கைப்பையிலிருந்து கிறீம் எடுத்துப் பூசினாள். கோகுலன் ஊதிப் பார்த்தார். போன் இருண்டபடியே கிடந்தது. கடைசியில் வினோஜ் தயங்கித் தயங்கிச் சொன்னான்:

"காய்ச்சுத் தடிச்ச விரல் ஐயா. போனுக்கு உங்களத் தெரியுதில்ல. நீங்க இருக்கிறதே அதுக்குத் தெரியாது."

கோகுலன் கலங்கவில்லை. படப்பிடிப்பாளரின் விரலைப் போடியாருடைய சேட்டின் கை வழியாக வெளியே நீட்ட வைத்து, அதை அருகில் பிடித்துப் படம் எடுத்தார்கள். படப்பெட்டியை வினோஜ் பிடித்தான். அந்த விரலுக்குப் போன் உடனே பளிச்சென்று எழும்பியது.

"ஆர்ட விரலக் காட்டி என்ட தொடுகை எண்டு சொல்லப் போறீங்க?" என்று போடியார் கேட்டார்.

"விரல் யாருடையது என்பது சின்ன விசயம் ஐயா. உணர்வு உங்களுடையது" என்றார் கோகுலன். அதற்குப் பிறகு ஓர் அட்டையை அவர் கையில் கொடுத்தார். "இனி உங்கள் முதல் அபிப்பிராயம். இதை வாசித்தால் போதும்."

அட்டையில் 'இது என் வாழ்க்கையை மாற்றிவிட்டது' என்று அச்சடித்திருந்தது.

போடியார் அட்டையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். பிறகு தூரப் பிடித்து வாசித்தார். "நான் இன்னம் ஒண்டும் பாக்கல்லியே தம்பி."

"முதல் அபிப்பிராயம் என்பது பார்ப்பதற்கு முன்னர் வருவது ஐயா. பார்த்த பிறகு வருவதை நாங்கள் முறைப்பாடு என்று சொல்லுவோம். அதற்கு வேறு மேசை இருக்கிறது. அந்த மேசை இன்னும் வந்து சேரவில்லை."

போடியார் முதுகை நிமிர்த்தினார். அவருடைய குடும்பத்தில் யாரும் காணாததற்குச் சாட்சி சொன்னதில்லை. அவர் வாப்பா ஒரு வாய்க்கால் வழக்கில் சொந்த மச்சானுக்காகப் பொய் சொல்ல மறுத்து, அந்தப் போகத்தையே இழந்தவர்.

"நெல்லு வாங்குறவனும் ரெண்டு மணியக் கடிச்சுப் பாத்துட்டுத்தான் கதைப்பான்" என்றார். "இதுக்குள்ள என்ட சிம்மப் போடுங்க. ஒரு கோல் வரட்டும். கேட்டா, கேக்குதெண்டு சொல்றன். அதுக்கு மேல ஒரு சொல்லு சொல்ல மாட்டன்."

கோகுலனுக்கு முகம் மலர்ந்தது. காட்சிப் போன்களுக்குள் நிறுவனத்தின் சிம்மைப் போடுவது நிறுவனத்தாலேயே தடைசெய்யப்பட்டிருந்தது. இது வாடிக்கையாளரின் சிம், அதுவும் அவரே கேட்டுப் போடுகிறார்.

"அருமை! அதற்கு முன் சிம்மில் ஒரு சின்ன வேலை செய்ய வேண்டும். சம்மதம்தானே?"

என்ன வேலை என்று கேட்கப் போடியார் வாயெடுத்தார். அதற்குள் அபுல் ஹஸன் ஹாஜியார் பக்கத்துக் கதிரையிலிருந்து சாய்ந்து, "என்ன போடியார், விளங்கல்லியா? நான் வேணுமெண்டாச் சொல்லித் தரட்டா?" என்றார்.

"எல்லாம் விளங்குது. செய்யுங்க தம்பி" என்றார் போடியார்.

றப்பர் வளையத்தைக் கழற்றினார். பின்மூடி தானாகவே துள்ளி விழுந்தது. ஊதின பட்டரியை நெம்பி எடுத்து, அதற்கடியில் இருந்த சிம்மை இரண்டு விரலால் பிடித்து நீட்டினார்.

ரிப்பன் வெட்டுவதற்கென்று வாங்கிய வெள்ளித் தட்டு, பிரதம அதிதி வராததால் சும்மா கிடந்தது. கோகுலன் அதை எடுத்து, ரோசாப்பூ இதழ்களுக்கு நடுவே சிம்மை வைத்தார். பக்கத்தில் வினோஜ் கடதாசி குத்தும் மெசின் மாதிரி ஒன்றை வைத்தான். "இந்த நிலையம் இப்போது இவ்வாறு திறந்துவைக்கப்படுகிறது" என்று கோகுலன் சொல்ல, வினோஜ் சிம்மை அந்த மெசினின் வாய்க்குள் வைத்து அமத்தினான். டக் என்று ஒரு சத்தம். எல்லாரும் கை தட்டினார்கள். போடியாரும் தட்டினார்.

கையைக் கீழே இறக்கும்போதுதான் தட்டில் சிம் இரண்டு துண்டாகக் கிடப்பதைக் கண்டார். நடுவில் ஒரு சின்னத் துண்டு, சுற்றி அதன் கோது.

"வெட்டிட்டீங்களா?"

"இந்தப் போனுக்குச் சின்னச் சிம்தான் ஐயா. உலகம் முழுக்க இப்ப எல்லாரும் வெட்டித்தான் போடுறாங்க" என்று சொல்லிக்கொண்டே வினோஜ் சின்னத் துண்டைப் போனுக்குள் செருகினான். திரையில் எழுத்து வந்தது. ஆகிலா அதை வாசித்துச் சொன்னாள்: "அவசர அழைப்புகள் மட்டும்."

கழற்றித் துடைத்துப் போட்டான். அவசர அழைப்புகள் மட்டும். வாயால் ஊதிப் போட்டான். வெள்ளைக் கையுறையைக் கழற்றி வீசிவிட்டு வெறுங்கையால் போட்டான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"பழைய காலத்துச் சிம் ஐயா. அதுல தங்கத் தகடு பெரிசு. வெட்டு அந்தத் தகட்டுக்கு மேலால போயிட்டு."

"ஒட்டுங்க."

"ஒட்ட ஏலாது ஐயா."

"ஏலாதெண்டா? இப்ப, இந்த நிமிசம் ஒரு கோல் வந்தா எங்க போகும்?"

கோகுலன் சிரித்துக்கொண்டே கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். "பதற வேண்டாம் ஐயா. அதே இலக்கத்தில் புதிய சிம், ஐந்து நிமிட வேலை. இலக்கத்தைச் சொல்லுங்கள்." போடியார் மனப்பாடமாகச் சொன்னார். கோகுலன் திரையை வாசித்தார்: "மீராசா முகம்மது றிபாஸ். இது உங்கள் பெயர் இல்லையே?"

"மகன்."

"நல்லது. மகனை அடையாள அட்டையோடு வரச் சொல்லுங்கள்."

அபுல் ஹஸன் ஹாஜியார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் பகிடி விடவில்லை.

"ஆள் வெளியில" என்றார் போடியார்.

"வெளிநாடா? சந்தோசம்! கட்டாரா, சவூதியா? பிரிந்திருக்கும் குடும்பங்களுக்கென்றே எங்களிடம் 'பக்கத்தில் இருப்பதுபோல்' என்றொரு பொதி இருக்கிறது. இந்தப் போனில் முகம் பார்த்தே பேசலாம். மகன் கடைசியாக எப்போது பேசினார்?"

போடியார் குடையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார்.

"சுனாமி அண்டைக்குக் காலையில."

ஆகிலா எழும்பிவிட்டாள். "சேர், போதும். விடுங்க."

கோகுலன் விடவில்லை. கெட்ட மனிதரல்ல அவர். ஒரு வாடிக்கையாளரையும் தீர்வு இல்லாமல் திருப்பி அனுப்பக் கூடாது என்று பயிற்றப்பட்டவர். குரலைத் தாழ்த்தி, அனுதாபத்துக்கென்று ஒதுக்கிய மூச்சை ஒரு தரம் இழுத்துவிட்டு, மீண்டும் திரையைப் பார்த்தார். "உரிமையாளரின் நிலை என்ற இடத்தில் இரண்டுதான் இருக்கிறது ஐயா. 'நேரில் சமூகமளித்தார்', 'மரணித்தார்'. எதைப் போடட்டும்?"

"காணல்ல எண்டு ஒண்டு இல்லியா?"

"இல்லை ஐயா. எங்களைப் பொறுத்தவரையில் யாரும் காணாமல் போவதில்லை. அவர்கள் சேவைப் பரப்புக்கு வெளியே இருக்கிறார்கள், அவ்வளவுதான்."

போடியார், ஏழு வருடமாகத் தன் வாசலைத் தாண்ட விடாத ஒரு சொல்லை, மெல்லிய குரலில் கேட்டார்:

"மௌத்துச் சேட்டிபிகேட் எடுத்துக்கொண்டு வந்தா நம்பரத் தருவீங்களா?"

"மீராசா, வேணா" என்றார் அபுல் ஹஸன் ஹாஜியார். போடியார் என்ற பட்டம் இல்லாமல் அவர் அந்தப் பெயரைச் சொன்னது ஓதுகிற பள்ளிக் காலத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. "எழும்புங்க, போவம்."

"இரிங்க, இவர் சொல்லட்டும்."

"தாராளமாகக் கொண்டு வாருங்கள்" என்றார் கோகுலன். "சான்றிதழ் கிடைத்தவுடன் இணைப்பை மிகவும் கௌரவமாக நிறைவுசெய்வோம்."

"நிறைவெண்டா?"

"இலக்கம் எங்களிடம் திரும்பிவரும். மரணித்தவர் பெயரில் இணைப்பு வைத்திருக்க விதி இல்லை."

"கொண்டு வராட்டி?"

"அப்படியென்றால் மகன்தான் வர வேண்டும். மூன்று மாதம் பாவனை இல்லாவிட்டால் இலக்கம் தானாகவே எங்களிடம் வந்துவிடும். எப்படிப் பார்த்தாலும் உங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை ஐயா. இது எல்லாமே உங்கள் பாதுகாப்புக்காகத்தான். உங்கள் மகனுடைய இலக்கத்தை யாரோ ஒருவர் வந்து கேட்டதும் நாங்கள் தூக்கிக் கொடுத்துவிட்டால், நீங்களே எங்களை மன்னிக்க மாட்டீர்களே!"

போடியார் எழுந்தார். தட்டிலிருந்த கோதையும், வினோஜிடமிருந்து சின்னத் துண்டையும் கேட்டு வாங்கி, இரண்டையும் கைலேஞ்சியில் முடிந்து இடுப்பில் செருகினார். பழைய போனுக்குப் பட்டரியைப் போட்டு, றப்பர் வளையத்தை மாட்டினார். அது இரண்டு தரம் நழுவியது. ஆகிலா உதவிக்குக் கை நீட்டினாள். "வேணா புள்ள" என்றார்.

படப்பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கோகுலன் அட்டையை மறுபடி நீட்டினார். "போவதற்கு முன், அந்த அபிப்பிராயம்?"

சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது அந்தக் குடும்பத்து வழக்கம். போடியார் படப்பெட்டிக்கு நேரே நின்று, தொப்பியைச் சரி செய்துகொண்டு, "கேக்கல்ல" என்றார். அழகரெத்தினம் கதவைத் திறந்து, தனக்குச் சொல்லித் தந்த "மீண்டும் வருக" என்பதைச் சொல்லாமல், தலையைக் குனிந்து நின்றான்.

வீட்டில் ஹாஜறா உம்மா வாசலிலேயே கேட்டார். "பட்டரி கிடைச்சுதா?"

"இந்த மொடலுக்கு இனி வராதாம்."

"அப்ப இதோடயே சமாளிப்பம்" என்று அவர் போனை வாங்கிக்கொண்டு போய்ச் சார்ஜில் போட்டார். சின்ன வெளிச்சம் வந்தது. சிம் இல்லாத போனுக்கும் சார்ஜ் ஏறும். போடியார் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாதம் நெல்லு மில்லுக்குக் கோல் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. மில்காரர் பள்ளியில் அவரைக் கண்டு ஏனென்று கேட்டார். "கேக்குதெண்டு தெரிஞ்சிட்டுதானே, இனி என்னத்துக்கு" என்று போடியார் பதில் சொன்னார்.

கல்முனை பஸ் நிலையத்துக்கு முன்னால் பெரிய பதாகை ஒன்று எழும்பியது. அதில் போடியார் தொப்பியோடு நிமிர்ந்து நின்றார். கீழே அவருடையது அல்லாத ஒரு விரல் போனைத் தொட்டுக்கொண்டிருந்தது. 'இது என் வாழ்க்கையை மாற்றிவிட்டது – மீராசா ஐயா, மருதமுனை' என்று எழுதியிருந்தது. மருமகன்மார் அதைக் கிழிக்கப் புறப்பட்டார்கள். கடதாசியோடு ரோட்டில் சண்டை பிடிக்கும் குடும்பமல்ல இது என்று போடியார் அவர்களைத் தடுத்தார். அன்றிலிருந்து அவர் சந்தைக்குப் பின்வீதியால்தான் போய்வருகிறார்.

ஊரில் ஒரு கதை உலாவுகிறது. அந்த இலக்கத்துக்கு எடுத்தால் ஓர் இளைஞன் பேசுகிறானாம், 'வாப்பா' என்கிறானாம், போடியார் தினமும் சுபஹு தொழுதுவிட்டு அவனோடு கதைக்கிறாராம். அன்று தாங்களும் உள்ளே நின்றதாகச் சொல்கிறவர்கள்தான் இதையும் சொல்கிறார்கள். அது உண்மையல்ல. அந்த இலக்கத்தைக் கம்பனி வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. அது இப்போது அடுத்த ஊரான பெரியநீலாவணையில், மீனுக்கு ஐஸ் விற்கும் செல்லத்தம்பி என்பவரிடம் இருக்கிறது. அவருக்கு அறுபது வயதுக்கு மேல். போடியார் தினமும் எடுப்பதும் இல்லை. ஒரு தரம்தான் எடுத்தார். செல்லத்தம்பி "ஆரு கதைக்கிற?" என்று கேட்டார். இலக்கம் பிழைத்துவிட்டது என்று சொல்லிப் போடியார் வைத்துவிட்டார்.